மிஞ்சிய ஒரு வார்த்தை

பக்கவாதம் வந்தபோது அவருடைய வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் பேச்சையும் வாரிக்கொண்டு போனது. ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டது. அந்த வார்த்தை தண்ணீர் என்றோ வலி என்றோ இருந்திருக்கக் கூடாதா? பெண்டாட்டியின் பெயராக இருந்திருந்தால் அவள் ஊரைக் கூட்டி விருந்தே வைத்திருப்பாள். அப்படியெல்லாம் நல்லது நடக்குமா என்ன! மிஞ்சியது "டிலைட்டட்". மெத்த மகிழ்ச்சி, பேரானந்தம் என்று அகராதிகள் அர்த்தம் சொல்கின்றனவே, அந்த இங்கிலீஷ் வார்த்தைதான்.

முப்பத்தோரு வருஷம் ஹோட்டல் வரவேற்பு மேஜையில் நின்றவர் அவர். கழுத்துப்பட்டை, சீவிய தலை, பின்னால் சாவி மாட்டும் பலகை. பெட்டியோடு யார் உள்ளே நுழைந்தாலும் லேசாகக் குனிந்து, "டிலைட்டட் டு ஹேவ் யூ, சார்" என்பார். மழையில் நனைந்த நாய் மாதிரி வந்து நிற்பவனும் அதைக் கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை என்று வைத்துக்கொண்டாலும், சொந்த மூச்சுக்கு அடுத்தபடியாக அந்த வாயிலிருந்து அதிகம் வந்தது அதுதான். மூளையில் எல்லாம் அழிந்தபோதும் அது அழியாததில் ஆச்சரியமில்லை என்றார் டாக்டர்.

அந்த வார்த்தையைப் பற்றி அவருக்கு ஒரு தத்துவமே இருந்தது. கல்யாணமான புதிதில் தக்காளி விலை இறங்கிவிட்டது என்று வாசலிலிருந்தே, "ஐ ஆம் டிலைட்டட்!" என்று கத்திக்கொண்டு வந்தாள் மனைவி. புருஷன் மெச்சுவான் என்று பார்த்தால், மனிதர் முகம் சுளித்தார்.

"தக்காளிக்கெல்லாம் அதச் சொல்லக் கூடாது. அதுக்கு ஹேப்பி போதும். ஹேப்பின்னா நம்ம வயிறு நெறஞ்சா வர்றது. கிளாடுன்னா அடுத்தவங்களுக்கு ஒரு நல்லது நடந்தா சொல்றது. டிலைட்டட் அப்படியில்ல. நீங்க வந்தீங்க, அதனால எனக்கு சந்தோஷம், அந்த மாதிரி. சந்தோஷத்துல பாதி எதிர்ல நிக்கிறவங்களோடது."

"அப்ப எனக்கு ஒரு தடவ சொல்லுங்களேன்."

"ம்" என்றார் அவர்.

வீட்டில் அவருக்கு இருந்த வார்த்தை அதுதான். சாப்பாடு நன்றாக இருந்தால் ம். பெண் பிறந்தாள் என்றதும் ம், ஆனால் கொஞ்சம் நீளமான ம். வாடகைக்கு வந்து போகிறவனுக்கெல்லாம் பேரானந்தம், தாலி கட்டினவளுக்கு ஒற்றை எழுத்து. இதைச் சொல்லி அவள் முப்பது வருஷம் சண்டை போட்டிருக்கிறாள்.

இப்போது அந்த ம்-கூட இல்லை. தலையை ஆட்டிச் சொல்லச் சொன்னால், ஆமாம் என்பதற்கு இல்லை என்றும் இல்லை என்பதற்கு ஆமாம் என்றும் ஆட்டினார். இடது கையில் பென்சிலைக் கொடுத்தால் கோழி கிளறிய மாதிரி நாலு கோடு. காதில் விழுவதெல்லாம் புரியும், மனசில் நினைப்பெல்லாம் இருக்கும், வெளியே வரும்போது ஒரே வார்த்தையாக வரும் என்றார் டாக்டர். "எப்படி இருக்கீங்க?" என்று அவரையே கேட்டார். "டிலைட்டட்" என்றது வாய். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

அந்த ஒற்றை வார்த்தை செய்த அநியாயம் கொஞ்சநஞ்சமில்லை. அவருடைய அண்ணன் தவறிப்போன செய்தியை அண்ணி போனில் சொல்லி அழுதாள். ஒலிபெருக்கியில் போட்டு அவர் காதருகே பிடித்திருந்தாள் மனைவி. கூடப் பிறந்தவனுக்காக அந்த மனிதர் தேம்பித் தேம்பி, "டிலைட்டட்... டிலைட்டட்..." என்றார். மறுமுனையில் போன் துண்டிக்கப்பட்டது. எவ்வளவு விளக்கிச் சொல்லியும் அண்ணி அப்புறம் இந்த வீட்டுப்பக்கம் திரும்பவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருந்தும் பிழைக்க முடியாத பிள்ளையை என்ன செய்வது?

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவள். சக்கரத்தில் வைத்து, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி வைத்து, ஒரு இழை அதிகம் தேய்ந்தால் மொத்தமும் வீண். அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தாள். தேய்ப்பதற்கு லென்ஸ் இல்லாத குறைக்கு, அந்த வார்த்தையைக் காதில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். மூன்று மாதத்தில் பிடிபட்டது. வெடுக்கென்று முடிந்தால் தாகம். அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தால் மூத்திரப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். மூக்கால் வந்தால் வலி, நடுவில் இருக்கும் 'லை' எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு வலி. கிசுகிசுப்பாக வந்தால் யாரோ வருகிறார்கள், போர்வையை இழுத்து விடு. கசப்பு மருந்தைக் கண்டால் முதல் பாதி அடித்தொண்டையில் உருண்டு, கடைசி 'டட்'டைக் கடித்துத் துப்புவார். அது முடியாது, மாட்டேன், போ. இரண்டு வருஷத்தில் இப்படி ஒரு இருபது அர்த்தமாவது அவள் கையில் சேர்ந்துவிட்டது. எந்த அகராதிக்காரனும் இதற்கு மேல் கிழித்துவிட முடியாது.

வேடிக்கை என்னவென்றால், பேச்சு இருந்த காலத்தைவிட இப்போதுதான் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பி வைத்தால், தெருவில் போகிறவர் வருகிறவரைப் பற்றியெல்லாம் அவருக்குக் கருத்து இருந்தது. "போதும் போதும், அடுத்தவங்க தொப்பையப் பத்தி நமக்கென்ன?" என்பாள். அவர் தோள் குலுங்கும். இந்த வயதில் இப்படி ஒரு கொடுப்பினையா என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

ஆனால் அவளுடைய முதுகு ஒத்துழைக்கவில்லை. படுக்கையிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, திரும்ப நாற்காலி, படுக்கை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும். அவர் எழுபத்தெட்டு கிலோ, அவள் நாற்பத்தொன்பது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். "தண்ணிச் சொம்பத் தவிர எதையும் தூக்காதீங்கம்மா. இன்னொரு தடவ பிசகுச்சுன்னா உங்க ரெண்டு காலும் போயிரும். அப்புறம் யாரு யாரப் பாத்துக்கறது?" அவள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவரைத் தூக்கி உட்காரவைத்தாள்.

போன வாரம்தான் அது நடந்தது. காலை பதினொரு மணிக்குக் குளியலறையில் அவர் வழுக்கினார், பிடிக்கப் போனவள் கூடவே விழுந்தாள். அவரும் எழ முடியாது, அவளும் எழ முடியாது. போன் சமையல்கட்டில் அடித்து அடித்து ஓய்ந்தது. ஈரத்தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் நனைத்துக்கொண்டார், அவளால் துடைக்க முடியவில்லை. அவர் ஓயாமல் அந்த வார்த்தையையே முனகிக்கொண்டிருந்தார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "நீங்க என்ன பண்ணுவீங்க, சும்மா இருங்க" என்று இவள் அழுதாள். வேலை முடிந்து ஐந்தே காலுக்கு வந்த மாடிவீட்டுக்காரர் சத்தம் கேட்டுக் கதவை உடைத்தார்.

அன்று ராத்திரியே பஸ் ஏறி வந்த மகள் ஒரு முடிவோடு வந்திருந்தாள். நகரத்துக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லம். தூக்குவதற்கு ஆள் உண்டு, கருவி உண்டு, டாக்டர் உண்டு. ஆனால் பெண்டாட்டிக்கு அங்கே இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம், போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஒரு கட்டில் காலியாகியிருந்தது. வெள்ளிக்கிழமை வரை பிடித்து வைப்பார்கள். விட்டால் அடுத்தது இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ.

"ஒரே ஒரு சிக்கல்தாம்மா. வர்றவங்க சம்மதம் இல்லாம சேக்க மாட்டாங்க. முன்னாடி சில பேரு பெத்தவங்கள ஏமாத்திக் கொண்டுபோய் விட்டுட்டாங்களாம். அதனால ஒரு அம்மா நேர்ல வந்து அவரையே கேப்பாங்க. அவரு வாயால என்ன சொல்றாரோ அத அப்படியே எழுதுவாங்க." சொல்லும்போதே மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா எப்படியும் டிலைட்டட்னுதான் சொல்லப் போறாரு!"

"சிரிக்காதடி" என்றாள் அவள். "அவரு மாட்டேன்னுதான் சொல்லுவாரு. உன்னப் பெத்த அப்பாவ நீயே ஏமாத்துவியா?"

"அப்ப நீ செத்துப் போ. அவரையும் சேத்து நானே தூக்கிப் போடறேன்." சொன்ன வேகத்தில் மகள் தாயின் மடியில் விழுந்து அழுதாள். மூன்று வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். அவளை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்?

வியாழக்கிழமை காலை இல்லத்து அம்மாள் வந்தாள். நரைத்த தலை, தடித்த செருப்பு, கையில் படிவம் செருகிய அட்டை. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"வணக்கம் ஐயா. இன்னிக்கு உங்களப் பாக்க வந்திருக்கேன்."

"டிலைட்டட்."

"எங்க இல்லத்துக்கு வந்துடலாமா?"

"டிலைட்டட்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். காரியம் முடிந்தது என்றது பார்வை. ஆனால் இல்லத்து அம்மாள் லேசுப்பட்டவளா? பேனாவை மூடியபடியே, "ஐயா, உங்கள மொட்டை மாடியிலேர்ந்து தூக்கிப் போட்டுடலாமா?" என்றாள்.

"டிலைட்டட்" என்றார் அவர்.

"அதானே பாத்தேன். எத்தன வீடு பாத்திருக்கேன்." அட்டையை மடியில் கவிழ்த்தாள். "இத வெச்சுக்கிட்டு நான் ஒண்ணும் எழுத முடியாதும்மா. இவரு சொல்றது இந்த வீட்ல யாருக்காவது புரியுமா?"

மகள் தலைகுனிந்தாள். அவளுக்குத் தாகம் எது, வலி எது என்பதற்கு மேல் தெரியாது.

"எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி.

தெரியும் என்று யாரும் சொல்லலாம். இல்லத்து அம்மாள் அவளைச் சமையல்கட்டுக்கு அனுப்பி, சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்திவைத்தாள். குரல் மட்டும் கேட்கும், முகம் தெரியாது. நான் ஏதாவது செய்வேன், அவர் சொல்வார், நீங்கள் அங்கிருந்தே அர்த்தம் சொல்ல வேண்டும் என்றாள். பள்ளிக்கூடத்துப் பரீட்சை கெட்டது.

"டிலைட்டட்."

"ஏதோ சில்லுன்னு கைல வெச்சிருக்கீங்க. பிடிக்கல."

கூடத்தில் ஈரத்துணியைக் கீழே வைக்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "டிலைட்டட்."

"கழுத்துக்குக் கீழ தலகாணி நழுவியிருக்கு. இடது பக்கமா இழுத்து விடுங்க."

இல்லத்து அம்மாள் இழுத்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி அவரிடம் ஏதோ சொன்னாள். இந்தத் தடவை வார்த்தை குலுங்கிக் குலுங்கி உடைந்து வந்தது.

"என்னப் பத்தி ஏதோ சொல்லிருக்கீங்க. கேலி பண்றாரு."

"உங்க சமையல் பிரமாதமாமேன்னு கேட்டேன்" என்றாள் அந்த அம்மாள். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள்கூடச் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

நான்காவது தடவை வார்த்தை மெதுவாக வந்து, 'லை'யில் நின்று, இறங்க மனசில்லாமல் இறங்கியது.

"பேத்தி போட்டோவா?"

கூடத்தில் போட்டோவைத் திரும்ப ஆணியில் மாட்டுகிற சத்தம். பிறகு இல்லத்து அம்மாளின் குரல் மாறியிருந்தது. "இருபத்திரெண்டு வருஷமா இந்த வேல பாக்கறேம்மா. இப்படி ஒருத்தர நான் பாத்ததில்ல. இனி நீங்க என்ன சொல்றீங்களோ அதத்தான் எழுதப் போறேன். உங்க வார்த்த அவரு வார்த்த."

அவளுக்கு உடம்பெல்லாம் பெருமை ஏறியது. ஏறிய கையோடு இறங்கியும் விட்டது. அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"ஐயா, நல்லா கேளுங்க. இந்த வீட்ட விட்டு எங்க இல்லத்துக்கு வந்து இருக்க உங்களுக்குச் சம்மதமா? யாரும் கட்டாயப்படுத்தல. வேண்டாம்னா வேண்டாம்தான், நான் எழுதிட்டுப் போயிடறேன்."

நாற்காலிப் பிடியில் அவர் இடது கை விரல் தட்டுகிற சத்தம் கேட்டது. யோசிக்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. பிறகு வந்தது. முதல் பாதி அடித்தொண்டையில் உருண்டது. கடைசி எழுத்தைக் கடித்துத் துப்பினார். பச்சைக்குழந்தைக்குக்கூடச் சந்தேகம் வராது. மாட்டேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது தடவையும் சொன்னார். இந்தத் தொனியை அவள் கேட்டதே இல்லை. தாழ்ந்து, நடுங்கி, தரையில் உட்கார்ந்துவிட்டது அந்த வார்த்தை. கல்யாணமான நாள் முதல் ஒரு விஷயத்துக்கும் அவளிடம் கெஞ்சி அறியாத மனிதர். கேட்டதில்லையே தவிர, அதற்கு அர்த்தம் தெரிய அவளுக்குப் பயிற்சி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. என்னை அனுப்பிவிடாதே என்றார்.

இவ்வளவுதான், அதை அப்படியே சொல்ல வேண்டியதுதான். சொன்னால் அந்த அம்மாள் எழுதிக்கொண்டு எழுந்து போவாள். கட்டில் நாளைக்கு வேறு யாருக்கோ. மகள் பஸ் ஏறுவாள். பகல் பன்னிரண்டு மணிக்கு அவரைப் புரட்ட வேண்டும், இரண்டு மணிக்குப் புரட்ட வேண்டும், நாலு மணிக்குப் புரட்ட வேண்டும். உட்கார்ந்திருந்த ஸ்டூலில் அவளுடைய இடது கால் ஏற்கெனவே மரத்துப்போயிருந்தது. ஈரத்தரை ஞாபகம் வந்தது. அடுத்த தடவை மாடிவீட்டுக்காரர் ஊரில் இல்லாவிட்டால்?

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. சத்தியமாக இல்லை. சுவரைப் பார்த்தபடி, "சரிங்கிறாரு" என்றாள்.

"ரெண்டாவது தடவ வேற மாதிரி சொன்னாரே?"

"அது..." சுவரை நகத்தால் சுரண்டினாள். "எப்ப வரணும்னு கேக்கறாரு."

பேனா ஓடுகிற சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பாள். கோபமில்லை. வழியில் போகிற யாரையோ பார்க்கிற மாதிரி பார்த்தார். அவருக்குக் காது கேட்கும், எல்லாம் புரியும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தானே. இல்லத்து அம்மாள் அவர் கையைத் தொட்டு, "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வண்டி வரும் ஐயா. சந்தோஷம்தானே?" என்றாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மகள் மண்டிபோட்டு அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, வாரா வாரம் வந்துடுவோம்ப்பா. ஏதாவது சொல்லுப்பா." அதற்கும் ஒன்றும் இல்லை. களைப்பு, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று மகளே சமாதானம் சொல்லிக்கொண்டு துணிகளை எடுத்து வைக்கப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேருமாகப் புரட்டிவிட்டார்கள். சத்தம் இல்லை. தாகமா என்று கேட்டாள், இல்லை. வழக்கமாகப் பாத்திரம் கேட்கிற நேரம் வந்தது, கேட்கவில்லை, படுக்கையை நனைத்துக்கொண்டார். அவள் துடைத்து, விரிப்பை மாற்றி, பவுடர் போட்டாள். சாயங்காலம் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்து, தெருவில் போகிறவர்களை அவளே ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொப்பைக்காரர் போனார். குடையை மறந்துவிட்டுத் திரும்பி ஓடுகிறவள் போனாள். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டுவதற்கு முன்னால் உருளைக்கிழங்கை மசித்துப் பாலில் கரைத்து எடுத்துவந்தாள். மகள் உள்ளறையில் போனில் இருந்தாள். முதல் கரண்டியை அவர் வாங்கிக்கொண்டார், விழுங்கினார். இரண்டாவதையும் விழுங்கினார். அவளால் மூன்றாவதை எடுக்க முடியவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள்.

"என்னங்க, திட்டுங்களேன். எனக்குப் புரியும். என்ன வேணா திட்டுங்க. துரோகின்னு சொல்லுங்க, நான் மறுத்துப் பேச மாட்டேன். என்னால தூக்க முடியலைங்க. முடிஞ்சா தூக்க மாட்டேனா? ஒரு தடவ, ஒரே தடவ அந்த வார்த்தையச் சொல்லிடுங்க, நான் எந்திரிச்சுப் போய் அந்தம்மாவுக்கு இப்பவே போன் பண்றேன்."

அவர் முகம் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. உதடுகள் பிரிந்தன. அவள் இரண்டு கையையும் நாற்காலியின் பிடியில் ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அவர் வாயருகே கொண்டுபோய்க் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் போயிற்றோ, அந்த வாய் திறந்தபடியே இருந்தது. அடுத்த கரண்டிக்காகத்தான் திறந்திருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.